சூரியமல்லும் பூவரசும்

தமிழிற் பெயர்க்கப்பெற்ற ருசிய நாவல்களைப் படித்தோருக்குப் பேர்ச் மரம் புதியதன்று. வெண்ணிறப் பட்டையும் சிறிய இலைகளும் கொண்டு, பனி மூடிய வெளியிலே குடியானவனின் குடிசையருகில் நிற்கும் மெல்லிய மரம் அது. மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட மலிவு விலை நூல்களின் வாயிலாக அம்மரம் நம் வாசகர் பலரின் மனத்தில் வேரூன்றிவிட்டது. குளிர்நாட்டு மரமாகிய அது மட்டக்களப்பு வாவிக்கரையில் வளராது. எனினும், ஒரு படத்திலே கண்டால் அதனை நாம் இனங்காண்போம்.

அம்மரத்துக்கு வரலாற்று மாணவர் மறக்கவியலாத ஒரு சிறப்பும் உண்டு. 1951 ஆம் ஆண்டில் ருசியாவின் நொவ்கொரொட் நகரில் அகழ்வாய்வு நடத்தியோர், நிலத்தடி ஈரத்திலிருந்து பேர்ச் பட்டைச் சுருள்களை வெளிக்கொணர்ந்தனர். அவற்றிலே கூரிய கருவியாற் கீறப்பட்டிருந்தவை மன்னரின் மெய்க்கீர்த்திகள் அல்ல. கடன் கணக்குகள், வீட்டுச் செய்திகள், வழக்குகள், ஒன்ஃபிம் என்னும் சிறுவனொருவனின் எழுத்துப் பயிற்சியும் கிறுக்கற் சித்திரங்களும் ஆகியனவே அங்குக் கிடைத்தன. அன்று தொடங்கி இற்றைவரை ஆயிரத்துக்கு மேற்பட்ட சுருள்கள் எடுக்கப்பட்டுள்ளன. அரண்மனைச் சுவடிகளில் இடம்பெறாத மக்களின் வாழ்வை ஒரு மரத்தின் பட்டை காத்து வைத்திருந்தது.

வேற்று நாட்டு மரம் அந்நாட்டு எளிய மக்களுக்காகச் சாட்சி சொல்வதைக் கேட்டு மகிழும் நாம், நமது வளவுகளின் வேலியில் நிற்கும் மரங்களிடம் இதுபோன்ற வினாவை எழுப்பியதுண்டா? எழுப்பியிருப்பின், நமது நாட்டு வரலாற்றிலே ஏற்பட்ட விசித்திரமான ஒரு மறதி எப்பொழுதோ வெளிப்பட்டிருக்கும்.

இலங்கையின் இடதுசாரி இயக்க வரலாற்றைப் படிக்கும் தமிழ் மாணவன் ‘சூரியமல் இயக்கம்’ என்னும் தொடரைத் தாண்டிச் செல்லுதல் இயலாது. அந்த இயக்கத்தின் ஆண்டினையும் அதன் தலைவர்களின் பெயர்களையும் அவன் மனனஞ் செய்வான். ஆனால் அது என்ன பூ என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். சற்றுத் தயங்கிச் ‘சூரியகாந்தி’ என்பான். சூரியமல் சூரியகாந்தி அன்று. சிங்களத்திற் ‘சூரியா’ என வழங்கும் மரம் நமது பூவரசு. சூரியமல் என்பது பூவரசம்பூ. ஏகாதிபத்தியத்தின் பூவுக்கு எதிராக இந்நாட்டு இளைஞர் உயர்த்திய பூ, அம்மாணவனின் வீட்டு வேலியிலேயே பூத்து உதிர்ந்துகொண்டிருக்கிறது. அவன் அதனை அறியான். அவனுக்குக் கற்பித்தோரும் பெரும்பாலும் அறியார். மரத்தை இனங்காணத் தவறுவதனால் வரலாற்றையும் இனங்காணத் தவறிவிடுகிறோம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, முதலில் மரத்தை அறிந்துகொள்வோம்.

பூவரசு பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலார் இதனைத் ‘தெஸ்பீசியா பொப்புல்னியா’ என்பர். இலை இதய வடிவானது. நீண்ட காம்பும், வழுவழுப்பான மேற்பரப்பும், கூரிய நுனியும் உடையது. அரச மரத்தின் இலையோடு இதற்குள்ள ஒற்றுமையே ‘பூக்கும் அரசு’ என்னும் பொருளில் இப்பெயர் அமையக் காரணமாயிற்று எனலாம். எனினும் இரண்டையும் பிரித்தறிதல் எளிது. அரசிலையின் நுனி வால்போல் நீண்டு தொங்கும். பூவரசிலையின் நுனி அவ்வாறு நீள்வதில்லை. அரசின் கிளையை முறித்தால் வெண்பால் வடியும். பூவரசின் பச்சைக் காயைக் கீறினால் மஞ்சள் நிறச் சாறு கசியும். அரசுக்குக் கண்ணுக்குப் புலனாகும் பூ இல்லை. பூவரசோ ஆண்டின் பெரும்பகுதியும் பூத்துக்கொண்டே இருக்கும்.

பூவரசம்பூ காலையில் இளமஞ்சளாக விரியும். அதன் உள்ளடியில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பொழுது சாயச் சாய இதழ்கள் சிவந்து, வாடும்பொழுது ஊதா கலந்த செந்நிறம் எய்தும். ஒரே மரத்தில் ஒரே வேளையில் மஞ்சட் பூவும் சிவந்த பூவும் காணப்படுவதற்கு இதுவே காரணம். காய் சற்றுத் தட்டையான உருண்டை. அதன் அடியிலே தட்டுப்போன்ற புல்லி ஒட்டியிருக்கும். மரத்தடியிலே சிவப்பு நிறப் பருத்திப் பூச்சிகள் திரள்திரளாக ஊர்வதைக் காணலாம். பருத்தியைத் தாக்கும் அப்பூச்சிகள் பருத்தியின் உறவினரை மனிதரினும் விரைவாக அடையாளங் கண்டுகொள்கின்றன.

வாவிக்கரையில் மாணவரை மயங்கச் செய்யும் மரம் வேறொன்று உண்டு. அதுவே நீர்ப்பருத்தி. அதன் இலையும் இதய வடிவே, பூவும் மஞ்சளே. ஆயின் நீர்ப்பருத்தி இலையின் அடிப்புறம் மெல்லிய மயிரடர்ந்து வெளிறியிருக்கும்; பூவரசிலையின் இருபுறமும் பசுமையானவை. நீர்ப்பருத்திப் பூவின் சூலகமுடி ஐந்தாகப் பிரிந்து நிற்கும்; பூவரசம்பூவில் அது பிரியாது, சிறு தடிபோல் திரண்டிருக்கும். நீர்ப்பருத்தியின் முற்றிய காய் ஐந்து பிளவாக வெடிக்கும். பூவரசங்காய் காய்ந்து கறுத்தும் இலகுவில் வெடிப்பதில்லை. இலை, பூ, காய் ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்குவோனுக்கு ஐயம் எழாது.

இம்மரத்தை வளர்ப்பதற்குத் தோட்டக்கலை நூல் எதுவும் தேவையில்லை. மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையை ஆளுயரத்துக்கு வெட்டி, ஒரு முழ ஆழத்திற் கதியாலாக நட்டுவிட்டால் போதும். சில வாரங்களில் அது துளிர்த்துவிடும். வேலிக்கு உகந்த முறை இதுவே. பலகைக்கு வேண்டிய நேரிய மரத்தை விரும்புவோர் விதையிலிருந்து வளர்த்தல் நன்று. விதையின் கடினமான தோலைச் சற்றே உரசிவிட்டு நட்டால் முளை விரைந்து வெளிவரும். உவர் மண்ணையும் உவர்க் காற்றையும் இம்மரம் பொறுத்துக்கொள்ளும். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், கடல்நீரும் மழைநீரும் மாறிமாறி ஆளும் நிலத்தில், பிற மரங்கள் தயங்கும் இடத்திலும் பூவரசு தழைப்பது இவ்வியல்பினாலேயே.

இவ்வியல்பு இம்மரத்தைப் பெரும் பயணியாகவும் ஆக்கியுள்ளது. இதன் காயும் விதையும் கடலில் மிதந்து நெடுந்தூரம் செல்லக்கூடியவை. ஆபிரிக்காவின் கீழ்க்கரை தொடங்கிப் பசிபிக் தீவுகள்வரை இம்மரம் பரவியிருப்பதற்கு அலையும் மனிதனும் இணைந்து துணைநின்றனர். தாகித்தி முதலிய தீவுகளில் வழிபாட்டிடங்களைச் சூழ இதனை நட்டு வளர்த்தனர். குக் என்னும் ஆங்கிலேய மாலுமியோடு அங்குச் சென்ற சொலாண்டர் என்னும் தாவரவியலார், ‘தெய்விகமானது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினால் இவ்வினத்துக்குப் பெயர் அமைத்தார். அதற்கு முன்னரே, 1753 இல், லின்னேயஸ் இதற்கு ஐரோப்பிய ‘பொப்லர்’ மரத்தின் இலையை நினைவூட்டும் சிறப்புப் பெயரை இட்டிருந்தார். அதற்கும் முன்னர், ஒல்லாந்தரின் ஆட்சியில் மலையாளக் கரையில் தொகுக்கப்பெற்று 1678 இல் முதற்றொகுதி வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் மூலிகை நூல், ‘பூப்பருத்தி’ என்னும் நாட்டு வழக்கையே ஏட்டில் ஏற்றியது. பல்கலைக்கழகம் கண்டிராத மலையாளக் குடியானவர், இம்மரம் பருத்திக்கு உறவு என்பதைப் பெயரிலேயே சொல்லிவைத்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அறிவு படிப்பாளியிடமிருந்து பாமரனுக்கு இறங்கி வருவதாகவே எண்ணிப் பழகியவர்கள், இப்பெயரின் வரலாற்றைச் சற்றே சிந்தித்தல் வேண்டும்.

இனி, மட்டக்களப்பு மக்களின் வாழ்விலே இம்மரம் பெற்ற இடத்தை நோக்குவோம்.

வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை எனவும், மேற்கரை படுவான்கரை எனவும் வழங்கும். எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பரப்பு, ஊர்கள் நெருங்கியமைந்தவை. படுவான்கரை, வயலும் காடும் குளமும் பொருந்திய நெல்நாடு. இரு கரைகளிலும் வளவு என்பது வீடு மாத்திரமன்று. வீடு, கிணறு, தென்னை, முருங்கை, மா, பலா, இவை யாவற்றையும் சூழ்ந்த வேலி ஆகிய அனைத்துஞ் சேர்ந்தே வளவு. வேலியின் உயிர், கதியால். கதியாலிலே கிடுகை வைத்துக் கட்டுவர். கிடுகு உக்கிவிடும், ஆண்டுதோறும் மாற்றப்படும். கதியாலோ வேர்விட்டு மரமாகி, தலைமுறைகளைக் கடந்து நிற்கும்.

உழைப்பவனுக்கு இம்மரம் பல வகையிலும் உதவிற்று. தறித்த குழை வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளையாயிற்று, ஆட்டுக்குத் தீனியாயிற்று. காய்ந்த கிளை அடுப்புக்குச் சென்றது. முற்றிய மரத்தின் செங்கபில நிற வைரம் நுண்ணிய இழையும் உறுதியும் வாய்ந்தது. வண்டிச் சில்லுக்கும் தளபாடத்துக்கும் தோணியின் வளைகாலுக்கும் அதனை ஓடாவிமார் விரும்பினர். இயல்பாகவே வளைந்த கிளை தோணியின் வளைவுக்குப் பொருந்திற்று. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத கிராமத்துப் பிள்ளை முன்னாளில் இருந்திருக்க மாட்டான்.

இவையெல்லாவற்றினும் முக்கியமானது கதியாலின் சட்டப் பொருள்.

1840 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் இயற்றிய 12 ஆம் இலக்கச் சட்டம் இலங்கைக் குடியானவனின் தலைவிதியை மாற்றிற்று. காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவாகவே கருதப்படும் என்பது அச்சட்டத்தின் சாரம். தலைமுறை தலைமுறையாக ஆண்டு அனுபவித்த நிலத்துக்குக் கையெழுத்தும் முத்திரையும் காட்டச் சொன்னால் எழுத்தறியாத உழவன் எதைக் காட்டுவான்? அவனிடத்தில் இருந்தவை ஒரு கிணறு, சில தென்னை, ஒரு வரிசைக் கதியால். மனிதன் இங்கு வாழ்ந்தான், உழைத்தான் என்பதற்கு அவையே அவனுடைய உறுதிகள். நொவ்கொரொட் நகரத்தான் பேர்ச் பட்டையிற் கீறி வைத்ததை, நமது உழவன் மண்ணில் நட்டு வைத்தான் என்று கூறின் மிகையாகாது.

எனினும் வேலியை வெறுமனே போற்றிப் பாடுதல் வரலாற்று நோக்கு ஆகாது. வேலி காப்பதோடு பிரிக்கவும் செய்யும். படுவான்கரையின் பரந்த வயல்கள் போடியார் எனப்பட்ட பெருநிலக்காரரின் ஆட்சியில் இருந்தன. முல்லைக்காரரின் மேற்பார்வையில் அவ்வயலில் உழைத்தவர்களுட் பலருக்கு, தமக்கெனக் கதியால் நடுவதற்கு ஒரு முழ நிலமும் இருக்கவில்லை. பிறருடைய வளவுக்கு வேலி கட்டிக் கூலி பெற்றவன், தன் குடிசையைச் சுற்றி நட்ட மரத்தைத் தன்னுடையது எனச் சொல்ல முடியாதவனாக இருந்தான். சாதி குறைந்தோர் எனப்பட்டோர் எந்த வேலியைக் கடக்கலாம், எந்தப் படலையில் நிற்கவேண்டும் என்பதையும் அதே கதியால் வரிசைதான் வரையறுத்தது. நிழல் தரும் மரத்தையே நிலமானிய ஒழுங்கு காவலாளாக நிறுத்தி வைத்திருந்தது.

மறுபுறத்தில், மட்டக்களப்பு வளவுக்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. இங்கு குடிவழி தாய்வழியானது. முக்குவர் சட்டம் என வழங்கிய பழைய வழமையின்படி, முதுசச் சொத்து ஒருவனின் சொந்தப் பிள்ளைகளுக்கன்றி, அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்கே சென்றது. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் இவ்வழமையை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட 15 ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைச் சட்டம் இவ்வழமையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நூல் வெளிவந்த ஆண்டே வழமைக்கு இறுதி ஆண்டும் ஆயிற்று. எனினும் வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்லும் வழக்கமும், மருமகன் மனைவியின் ஊருக்கு வந்து குடியேறும் வழக்கமும் நீதிமன்றத்தின் கட்டளைக்குக் கட்டுப்பட்டு மறைந்துவிடவில்லை. ஆகவே, வாவிக்கரையின் பழைய பூவரசொன்றைக் காண்பீர்களாயின், அது ஒரு தாயிடமிருந்து மகளுக்கும் அவளிடமிருந்து அவள் மகளுக்கும் சென்ற வளவின் எல்லையிலேயே நிற்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கிராமத்தில் வேலியாக நின்ற மரம் நகரத்தில் தெருவோர நிழலாக நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொழும்புக் கோட்டையின் வீதிகளில் இரு மருங்கும் நின்றவை சூரியா மரங்களே. அவற்றின் நிழலில் வெள்ளை வணிகரின் வண்டிகள் ஓடின. இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் அம்மரத்தின் பூ அவ்வெள்ளை ஆட்சிக்கு எதிராகவே திரும்பிற்று.

1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதலாம் உலகப்போர் முடிவுற்ற நவம்பர் 11 ஆம் நாளில், ஆங்கிலப் பேரரசெங்கும் பொப்பிப் பூ விற்று நிதி திரட்டும் வழக்கம் ஏற்பட்டது. இலங்கையிலும் பாடசாலைப் பிள்ளைகள்வரை பொப்பிப் பூ வாங்கவேண்டியவராயினர். திரண்ட பணத்தின் பெரும்பகுதி இங்கிலாந்துக்கே சென்றது. அதே போரிற் பங்குபற்றித் திரும்பிய இலங்கையரின் வறுமையைக் கேட்பார் இல்லை. இந்த அநீதியாற் புண்பட்ட ஏலியன் பெரேரா என்பவர், இந்நாட்டு முன்னாட் போர்வீரருக்கு உதவும் பொருட்டுச் சூரியமல் விற்கும் முயற்சியைத் தொடங்கினார். 1933 இல் இளைஞர் கழகங்களைச் சேர்ந்தோர் அதனை ஏற்று, ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்த்தனர். இங்கிலாந்திற் பிறந்து, இந்நாட்டுக்கு ஆசிரியப் பணிக்காக வந்த டொறீன் யங் அம்மையார் ‘பூக்களின் போர்’ என்னும் பொருள்பட ஆங்கில நாளேட்டில் எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. இந்நாட்டுப் பிள்ளைகளின் காசைக் கொண்டு இங்கிலாந்துப் படைவீரருக்கு உதவுவதன் பொருத்தமின்மையை அவர் அதில் எடுத்துரைத்தார். இயக்கத்தின் தலைவராகவும் அவரே தெரிவானார். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்காவை மணந்த அவர், பின்னர் 1952 இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

நவம்பர் 11 ஆம் நாள்தோறும் கொழும்புத் தெருக்களில் இரு பூக்கள் எதிரெதிரே நின்றன. பொப்பியை வாங்கியோர் மோட்டார் வண்டிகளிற் சென்றனர். சூரியமல்லை வாங்கியோர் பெரும்பாலும் எழுதுவினைஞர், ஆசிரியர், மாணவர், தொழிலாளர். இரண்டாம் உலகப்போர் மூளும்வரை ஆண்டுதோறும் இப்பூ விற்பனை நடைபெற்றது.

பூ விற்றதோடு அவ்விளைஞர் நின்றுவிடவில்லை. 1934 இன் இறுதியில் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டைப் பீடித்தது. 1935 வரை நீடித்த அக்கொடுமையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பர். சூரியமல் இயக்கத்தினர் கேகாலைப் பகுதியின் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். அங்கு அவர்கள் கற்ற பாடம் பெரிது. நுளம்பு நோயைக் கொண்டுவந்தது உண்மையே; ஆயின் மக்களைக் கொன்றது நோய் மட்டுமன்று, அதற்கு முன்னரே அவர்களை உருக்குலைத்திருந்த பட்டினியும் ஆகும். மருந்தோடு பருப்பையும் பகிர்ந்த என். எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என அழைத்தனர். 1935 டிசம்பரிலே லங்கா சமசமாஜக் கட்சி உதயமானபொழுது, அதனை நிறுவியவர்கள் இவ்வனுபவத்திற் பழுத்தவர்களாக இருந்தனர். இந்நாட்டின் முதலாவது இடதுசாரிக் கட்சி ஒரு பூவரசம்பூவிலிருந்து முளைத்தது எனின், அது வெறும் உவமையன்று.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்த பிலிப் குணவர்த்தனா, 1958 இன் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்து, குத்தகை உழவனை நிலக்காரன் நினைத்தபோது வெளியேற்ற இயலாதபடி பாதுகாக்க முனைந்தார். படுவான்கரையின் உழவனுக்கும் பொருந்திய சட்டம் அது. அதன் குறைகளும், அதனை நிலக்காரர் ஏய்த்த வழிகளும் பல. ஆயினும் கதியால் நட உரிமையற்றிருந்தவனின் பக்கம் நின்று இந்நாட்டுச் சட்டப் புத்தகம் பேசிய அரிய தருணங்களுள் அது ஒன்று.

இவ்வாறிருக்க, அதே பிலிப் குணவர்த்தனா அமைச்சராக வீற்றிருந்த அரசாங்கமே 1956 இல் சிங்களத்தைத் தனி ஆட்சிமொழியாக்கிய சட்டத்தையும் நிறைவேற்றிற்று. சமசமாஜக் கட்சியும் பொதுவுடைமைக் கட்சியும் அன்று அச்சட்டத்தை எதிர்த்து இரு மொழிக்கும் சம நிலை கோரின. பத்தாண்டுகள் செல்வதற்குள் அவையும் அந்நிலையைக் கைவிட்டன. இடதுசாரி இயக்கத்தின் மீது பற்றுடைய நாம் இதனை மறைத்துப் பேசுவதனால் யாருக்கும் நன்மையில்லை. ஒரே மரம் சிங்களக் கிராமத்திற் சூரியாவாகவும் தமிழ்க் கிராமத்திற் பூவரசாகவும் நிற்பதில் தவறேதும் இல்லை. மொழிகள் பலவாதல் இயற்கை. இரண்டும் ஒன்றே என்று சொல்வதற்கு ஆளில்லாமற் போனதே தவறு. நமது வரலாற்று நூலாசிரியர்கள் சிங்களச் சொல்லை ஒலிபெயர்த்து எழுதினரேயன்றி, பொருளை அறிந்து எழுதவில்லை. சிங்கள மாணவனும் தமிழனின் வேலியில் நிற்பது சூரியா என்பதை அறிய வாய்ப்பில்லாமற் போயிற்று. இருவருக்கும் பொதுவாயிருந்த ஒரு போராட்டத்தின் நினைவு, மொழி என்னும் வேலியால் இரண்டாகத் துண்டிக்கப்பட்டது.

அதன்பின் வந்த காலம் வாவிக்கரைக்கு இருண்ட காலம். 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி தென்னைகளைத் தோப்புத் தோப்பாகச் சாய்த்தது. 1990 இலும், மீண்டும் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் யுத்தம் ஊரூராக மக்களைப் பெயர்த்தெறிந்தது. இடையில், 2004 டிசம்பர் 26 இல் கடலே எழுந்து எழுவான்கரையின் ஊர்களுக்குட் புகுந்தது. வீடு போயிற்று, பெட்டியில் வைத்த உறுதியும் போயிற்று. திரும்பி வந்த மக்கள் காடு மண்டிய நிலத்திலே தம் வளவைத் தேடியபொழுது, கிணற்றுக் கட்டையும் எஞ்சி நின்ற மரங்களையும் கொண்டே எல்லையை அடையாளங் கண்டனர். வெட்டினாலும் அடிமரத்திலிருந்து மீண்டும் தளிர்க்கும் பூவரசின் இயல்பு, அத்தகைய வேளையிலே ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தையே மீட்டுத் தரக்கூடியது. 1840 இன் உழவனுக்குப் போலவே, 2007 இன் அகதிக்கும் மரமே உறுதியாயிற்று. நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஏழையின் உரிமைக்குக் காகிதத்தினும் மரம் உறுதியான சாட்சியாக இருக்கிறது என்பது, மரத்துக்குப் பெருமை, ஆட்சிமுறைக்கு இழிவு.

இன்று அச்சாட்சியும் மறைந்து வருகிறது. கதியால் வேலி இருந்த இடத்தில் சீமெந்துக் கல் மதில் எழுகிறது. மதில் கட்ட வசதியற்றோர் முட்கம்பி இழுக்கின்றனர். உயிர்வேலி நடுவோரும் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து விரைந்து வளரும் சீமைக்கிளுவையையே நாடுகின்றனர். சீமைக்கிளுவை மீது நமக்குப் பகையில்லை. அது பசளைக்கும் விறகுக்கும் உதவும் மரந்தான். வந்தேறி மரம் எனத் தூற்றுவது அறிவுடைமையும் அன்று. நமது மரமுந்திரிகையும் பப்பாசியும் கடல்கடந்து வந்தவையே. ஆனால், எதனை இழக்கிறோம் என்று அறியாமலே இழப்பது வேறு. அறிந்து மாற்றிக்கொள்வது வேறு. பெருவீடுகளின் முற்றத்திலே விலைகொடுத்து வாங்கிய அலங்கார மரங்கள் நிற்கின்றன. அவற்றின் பெயர்ப் பலகை ஆங்கிலத்தில் இருக்கிறது. வேலி மூலையில் வெட்டுண்டு நிற்கும் பூவரசுக்குப் பெயர் சொல்ல அவ்வீட்டுப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

ஆசிரியத் தொழிலில் உள்ள நம்மால் இதற்கு ஆவன செய்ய முடியும். பெருஞ் செலவும் வேண்டா. சுற்றுநிருபத்தை எதிர்பார்த்திருக்கவும் வேண்டா. வரலாற்றுப் பாடத்திற் சூரியமல் இயக்கம் வரும் நாளில், மாணவரை வகுப்பறைக்கு வெளியே ஒரு பூவரசின் கீழ் நிறுத்திப் பாடத்தை நடத்துவோம். இலையையும் பூவையும் காயையும் அவர்கள் கையிற் கொடுத்து, நீர்ப்பருத்தியிலிருந்தும் அரசிலிருந்தும் பிரித்தறியச் சொல்வோம். விஞ்ஞானமும் வரலாறும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதை அவர்கள் அன்று உணர்வர். பின்னர், தத்தம் வளவின் பழைய மரத்தை யார் நட்டார், எப்போது நட்டார், அந்த வளவு எந்தத் தாயிடமிருந்து வந்தது, அந்த வேலியைக் கட்டியவர் யார், அதற்கு அவர் பெற்ற கூலி என்ன என்று முதியோரைக் கேட்டு எழுதி வரச் செய்வோம். ஒரு வகுப்பு முப்பது மாணவரைக் கொண்டதாயின் முப்பது வளவுகளின் வரலாறு திரளும். அரசாங்கச் சுவடிச்சாலை எதிலும் இல்லாத வரலாறு அது.

மேலும், மாரிக்காலத்தில் பாடசாலை வேலியில் ஒரு வரிசைக் கதியாலேனும் நடுவோம். சிங்களப் பகுதியில் நண்பர்களையுடைய ஆசிரியர் அவர்களையும் அதே மாதத்தில் அவ்வாறே செய்யுமாறு வேண்டலாம். இங்கே பூவரசு என்றும் அங்கே சூரியா என்றும் எழுதப்பட்ட இரு பலகைகளிலும் மற்றைய மொழிப் பெயரையும் சேர்த்து எழுதுவதற்கு அரைப் பலகை மையும் செலவாகாது. இச்சிறு செயலினால் இனப்பிரச்சினை தீர்ந்துவிடும் என நாம் கூறவில்லை. நிலமும் நீதியும் அதிகாரமும் பற்றிய வினாக்களுக்கு மரநடுகை விடையாகாது. ஆயின், இரு மொழி பேசும் உழைக்கும் மக்களுக்கும் பொதுவான வரலாறு ஒன்று இருந்தது என்பதை அறியாத தலைமுறை, பொதுவான எதிர்காலம் ஒன்றைக் கனவிலும் காணாது.

பேர்ச் மரத்தைப் படத்திற் கண்டு இனங்காணும் நம் இளைஞர், நவம்பர் 11 ஆம் நாள் வாவிக்கரைக்குச் சென்று பார்க்கட்டும். மாரி தொடங்கிய அந்நாளில், கதியால் நடுவோர் குழிதோண்டிக்கொண்டிருக்கும் வேலியோரத்தில், காலையில் மஞ்சளாய் விரிந்து மாலையிற் சிவக்கும் ஒரு பூ காத்திருக்கிறது. அதற்கு ஈராயிரம் ரூபாய் விலையில்லை; இறக்குமதி வரியில்லை. அதன் பெயரை இரு மொழியிலும் சொல்லத் தெரிந்தாற் போதும்.